சந்தைத் திடலுக்கு இரண்டு தீர்மானம்

ஜூன் 2

இன்று காலை வாசலில் நின்றவர்களில் முதல் ஆள் எங்கள் ஹவுஸ் ஓனர் ருக்குமணியம்மா. சாக்கடை அடைப்புக்காக வந்திருக்கிறார் என்று நினைத்து, ஆளை அனுப்புகிறேன் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சாக்கடைக்கு வரவில்லை, எங்களைக் காலி பண்ணச் சொல்ல வந்திருந்தார். தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்த ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்க, அவர்களுடைய கவுன்சிலர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அவர்கள் முன்னாலேயே தெரிவிக்கப்பட்டது.

அவர் காரணத்தை மறைக்கவில்லை, அந்த மட்டில் நல்ல மனுஷி. இருக்கிற வீட்டை இடித்துவிட்டு வரிசையாக ரூம் கட்டப் போகிறாராம். பனியன் கம்பெனி வேலைக்கு வடக்கே இருந்து வரும் பையன்களுக்கு விடுவாராம். வீட்டுக்கு வாடகை இல்லை, தலைக்கு வாடகை. ஒரு ரூமில் ஆறு பேர் படுத்தால் நாங்கள் தருவதைப் போல மூன்று மடங்கு வந்துவிடும்.

"ஆடி பொறந்துட்டா யாரும் குடி மாற மாட்டாங்க. ஆனிக்குள்ள ஒரு எடம் பார்த்துக்குங்க கண்ணு," என்றார்.

செங்காட்டுப்பாளையம் நகராட்சி, பதினான்காவது வார்டு சுயேச்சை உறுப்பினர் வசந்தாமணிக்குச் சொந்த வீடு இல்லை என்பது ஒன்றும் ரகசியம் இல்லை. ஓட்டுக் கேட்டுப் போனபோது நானே அதைச் சொல்லித்தான் கேட்டேன். இருந்தாலும் மத்தியானத்துக்குள் செய்தி டீக்கடை வரைக்கும் போய்விட்டது. என் வீட்டுக்காரர், அதாவது என் மகள் தாரணியின் அப்பா, சரக்கு ஆட்டோவைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். ஏற்கனவே கழுவின சக்கரத்தை மறுபடியும் கழுவினார்.

சாக்கடைக்கு ஆள் அனுப்பினேன். இருக்கிற வரைக்கும் அது என் வார்டுதானே.

ஜூன் 6

நான்கு வீடு பார்த்தாயிற்று. இந்த ஊரில் ஒருவருடைய பேரைக் கேட்டதும் அடுத்த கேள்வி 'சொந்த வீடா, வாடகையா' என்பதுதான். அதற்குப் பழகிவிட்டேன். கவுன்சிலர் என்பது வாடகைக்கு வருகிறவருக்கு இருக்கக்கூடாத வியாதி என்பதை மட்டும் இந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் வீட்டில், காலையில் வாசல் முழுக்கச் செருப்பாகக் கிடக்கும் என்றார்கள். இரண்டாவது வீட்டில் வாடகை கேட்டு நானே மறுத்தேன், எங்கள் இரண்டு பேர் வருமானத்தில் பாதி அது. மூன்றாவது வீட்டுக்கார அம்மாள் காபி கொடுத்து, நல்லபடியாகப் பேசி, கடைசியில் கேட்டார்: "நாளைக்கு நான் காலி பண்ணுன்னு சொன்னா, நீங்க என்ற வீட்டுக்கு வரியக் கூட்டி உட்ற மாட்டீங்ளே?" நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான்காவது வீட்டில் நாய் மட்டும்தான் வரவேற்றது.

வந்து தோசைக்கு அரைத்தேன். மத்தியானம் கம்பெனியில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து ஓட்டை விழுந்த பீஸ்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது கோபமாக வந்தது. கவுன்சிலர் ஆன பிறகும் செக்கிங் வேலையை விடவில்லை, நல்லவேளை.

ஜூன் 11

துளசி வந்தாள். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிற வேலை, புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். ரைஸ்மில் பின்னால் வரிசையாக ஒட்டிக் கட்டின லைன் வீட்டில் ஒற்றை ரூமில் குடியிருக்கிறாள். இந்த வருஷம் இரண்டாவது முறையாக வாடகை ஏற்றுகிறார்களாம். ஓனரிடம் பேசச் சொன்னாள். பேசினேன். அவர் மரியாதையாக, "நீங்க காலி பண்றதையே உங்களால நிறுத்த முடியிலீங்ளே," என்றார்.

நேராக நகராட்சி ஆபீசுக்குப் போனேன். மாட்டுச் சந்தை ஊருக்கு வெளியே போனதிலிருந்து சந்தைத் திடல் சும்மா கிடக்கிறது. நகராட்சியின் நிலம். அதைக் கொடுத்தால் ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடு கட்டித் தருகிறோம் என்று வீட்டு வசதி வாரியத்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டும் போய்விட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது நகர்மன்றம். தலைவர் முத்துரத்தினம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. திடலை வணிக வளாகத்துக்கு நீண்டநாள் குத்தகைக்கு விட வேண்டும் என்பது அவருடைய ஆசை. குத்தகையை யார் எடுப்பார்கள் என்பதும் தெரிந்ததுதான். அவருடைய மச்சான், கான்ட்ராக்டர் லோகநாதன்.

ஆணையாளர் புதுசு, பயந்த சுபாவம், ஆனால் நேர்மையானவர். எழுத்தில் கொடுத்தால் கூட்டப் பொருளில் சேர்த்தே ஆக வேண்டும், அதற்கு மேல் தன்னால் ஒன்றும் ஆகாது என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டாவது வார்டு ஜெயமேரி வழிமொழிந்து கையெழுத்துப் போட்டாள். மன்றத்தில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி.

ஜூன் 12

தாரணியின் பிளஸ் டூ புத்தகங்களுக்கு அட்டை போட்டோம். படிக்கத் தனியாக ஒரு இடம் கேட்டாள். பீரோவைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

ஜூன் 27

எங்கள் மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் என்பதை எழுதி வைக்கிறேன். பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள்.

கிளார்க் 'பொருள் ஒன்று' என்று வாசிக்கத் தொடங்குவார். ஐந்தாறு பொருள் போனதும் எட்டாவது வார்டு துரைராசு அண்ணன் கொட்டாவி விடுவார். விட்டு முடித்ததும் "ஆல் பாஸ்" என்பார். எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். வாசித்தது, வாசிக்காதது எல்லாம் ஏகமனதாக நிறைவேறிவிடும். தேசிய கீதம் பாடிவிட்டுக் கலைய வேண்டியதுதான். சில நாள் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

இன்று பொருள் முப்பத்தேழு, சந்தைத் திடலை வணிக வளாகத்துக்குக் குத்தகைக்கு விடுவது. பொருள் முப்பத்தெட்டு, நான் கொடுத்தது, அதே திடலை வீடு கட்ட வாரியத்துக்கு ஒப்படைப்பது. முப்பத்தேழு வரைக்கும் வாசித்து நிறைவேற்றிவிட்டு, முப்பத்தெட்டை ஒத்திவைப்பது என்று தலைவர் தரப்பில் பேசி வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியும். அதனால் பேச்சு ஒன்று தயாரித்து, கண்ணாடி முன்னால் நின்று பழகி, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருந்தேன்.

ஆனால் இன்று துரைராசு அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் மண்டபத்தில் சாப்பாடு. பந்தி ஆரம்பித்துவிட்டது என்று அவருக்குப் போன் மேல் போன். கிளார்க் பன்னிரண்டாவது பொருளில் மூச்சு வாங்க நிறுத்தினார். அண்ணன் "ஆல் பாஸ்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மேசைகள் தட்டப்பட்டன. தலைவரும் தட்டினார். பழக்கதோஷம். நான் தட்டவில்லை, தட்ட வேண்டிய கையில் பேச்சுத்தாள் இருந்தது. பேசலாம் என்று எழுந்தால், எல்லோரும் எழுந்தார்கள். தேசிய கீதம் ஆரம்பித்துவிட்டது.

தோற்றுவிட்டேன் என்று கண் கலங்கி நிற்கிறேன், ஜெயமேரி கையைக் கிள்ளினாள்.

"அக்கா, முப்பத்தேழு பாஸ். ஆனா முப்பத்தெட்டும் பாஸ்."

ஒரே திடலைக் கடைக்கும் கொடுத்தாயிற்று, வீட்டுக்கும் கொடுத்தாயிற்று, அதுவும் ஏகமனதாக. பந்தியில் தலைவர் இரண்டாவது முறை ரசம் வாங்கிக்கொண்டிருந்தபோது ஆணையாளர் போய்க் காதில் சொன்னார். அதற்குப் பிறகு தலைவர் சாப்பிடவில்லை. நான் பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

ஜூன் 30

பேப்பரில் வந்துவிட்டது. ஊரே சிரிக்கிறது.

தலைவர் என்னைக் கூப்பிட்டு அன்பாகப் பேசினார். நிறைவேறிய தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டுமானால் சிறப்புக் கூட்டம் போட வேண்டும் என்று ஆணையாளர் கறாராகச் சொல்லிவிட்டாராம். மன்றத்தில் பாதிப் பேருக்கு மேல் கை தூக்க வேண்டும், தூக்கியவர்கள் பேர் பேராகப் பதிவாகும். ஏழைகளுக்கு வந்த வீட்டை ரத்து செய்தவர் என்று பேப்பரில் பேர் வர யாருக்கும் விருப்பம் இல்லை. அதனால் கொண்டுவந்த நானே வாபஸ் வாங்கிக்கொண்டால் ஒருவருக்கும் சங்கடம் இல்லையாம். யோசிச்சுச் சொல்லும்மா என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், மரியாதைக்கு. ஜூலை பதினைந்தாம் தேதி கூட்டம்.

ஜூலை 2

வீடு கிடைத்துவிட்டது! தாரணி அப்பாதான் பிடித்திருக்கிறார். சரக்கு இறக்கப் போன இடத்தில் யாரோ சொன்னார்களாம். சாயங்காலம் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். வார்டுக்குள்ளேயே, பிள்ளையார் கோயில் தெருவில். இரண்டு பெட்ரூம். சமையலறையில் கிழக்குப் பார்த்து ஒரு ஜன்னல். அடுப்படியில் நின்றால் வேப்பமரம் தெரிகிறது. வாடகை இப்போது கொடுப்பதுதான், கூடக் கொடுக்க வேண்டாம். கவுன்சிலர் என்று சொன்ன பிறகும் அட்வான்ஸ் கூட மெதுவாகத் தந்தால் போதும் என்றார்களாம். உலகத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள்.

கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேன், "லோகு அண்ணன் சாவிய உங்ககிட்டயே குடுத்தறச் சொன்னாருங்க," என்றார். யாரோ லோகு. இந்த ஊரில் தெருவுக்கு நான்கு லோகு.

தாரணி உள் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வெறும் அறைதான். வெளியே வர மனசில்லை அவளுக்கு.

ஜூலை 4

கம்பெனியில் கழித்துப் போட்ட வெள்ளைத் துணி கொஞ்சம் வாங்கிவந்தேன். சமையலறை ஜன்னலுக்கு ஆகும். ஆகாவிட்டால் தலையணை உறைக்கு ஆகும்.

ஜூலை 7

ஜெயமேரி போனில் விசாரித்தாள். வீடு யாருடையது என்று கேட்டாள். தெரியவில்லை, அவர்தான் பேசினார் என்றேன். சரிக்கா, கூட்டத்தன்று பார்ப்போம் என்று சட்டென்று வைத்துவிட்டாள். சில நாளில் அவளுக்கு அப்படி ஒரு மூட் வரும்.

துணியை ஓரம் அடித்தேன்.

ஜூலை 9

துளசி லைன் வீட்டைக் காலி பண்ணிவிட்டாள். அக்கா வீட்டில் ஒண்டியிருக்கிறாள், ஒற்றை ரூமில் ஒன்பது பேர். பெரிய பெண் வயதுக்கு வந்தவள், மாற்றுத்துணி உடுத்த இடம் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரம் போய்விடுகிறாளாம். சொல்லும்போது துளசி அழவில்லை. திடல் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறாளாம்.

"நம்ம வீடு எப்பங்க்கா கட்ட ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டாள்.

நம்ம வீடு என்றாள். கூட்டம் முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு ரேஷனுக்குப் போய், பருப்பு வாங்காமல் திரும்பி வந்து, மறுபடி போனேன்.

ஜூலை 10

சாவி ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே தாரணி சாப்பிட்டாள். அவள் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, அந்த லோகு யாருன்னு உனக்கு நெசமாவே தெரியாதா?"

நான் குழம்பு ஊற்றினேன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியுது. லோகநாதன் வீட்டுக்குத்தான் போறீங்களாமான்னு கேக்கறாங்க."

இதுவரைக்கும் எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். தெருவுக்கு நான்கு லோகுவாம். எனக்கே வெட்கமாக இருக்கிறது. வாட்ச்மேன் வாயைத் திறந்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஜன்னலைப் பார்த்துவிட்டேன், அதனால் காது கேட்கவில்லை.

தாரணி அப்பா மறைக்கவில்லை. லோகநாதன்தான் அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். வாபஸ் என்று ஒரு கடிதத்தில் என் கையெழுத்து, அவ்வளவுதான் கேட்டாராம்.

"ஒரு கையெழுத்து, வசந்தா. யாரையும் கொல்லச் சொல்லல. புள்ள படிக்க ஒரு ரூமு வேணுமா வேண்டாமா?"

வேணும். அதுதான் என்னால் பதில் சொல்ல முடியாத இடம். இந்த மனுஷர் தனக்கென்று ஒரு நல்ல செருப்புக் கூட வாங்கிக்கொண்டது இல்லை. நான் தேர்தலில் நின்றபோது வண்டியை விட்டுவிட்டு என் பின்னால் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு வந்தவர். அவரைக் கெட்டவர் என்று எழுத என்னால் முடியாது. ஆனால் கையெழுத்துப் போடவும் முடியாது.

முடியாது என்று சொல்லிவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 11

லோகநாதன் ஆபீசுக்கு நானே போனேன். ஏசி ரூம், சாமி படம், ஏலக்காய் டீ. எழுந்து நின்று வணக்கம் சொன்னார். சாவியை மேசைமேல் வைத்தேன்.

"ஏனுங்க்கா, நான் உங்கள ஒரு வார்த்த எதாச்சும் கேட்டனுங்ளா? நல்ல குடித்தனமா இருக்கட்டும்னு குடுத்தேன். வீடு வேற, திடல் வேற."

"ரொம்ப சந்தோசமுங்க. அப்படின்னா பதினஞ்சாந் தேதி கூட்டம் முடியட்டும். பதினாறாந் தேதி இதே சாவியக் குடுங்க, வாங்கிக்கறேன்."

அவர் சாவியை எடுத்து டிராயருக்குள் போட்டார். பிழைக்கத் தெரியாதவள் என்று முகத்தில் எழுதியிருந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வெளியே வந்து மருந்துக்கடைப் படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 12

தாரணி அப்பா என்னிடம் பேசவில்லை. இட்லிக்குச் சட்னியா பொடியா என்பதைக்கூடத் தாரணி வழியாகச் சொல்லியனுப்புகிறார்.

ஜூலை 13

ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். காலையிலிருந்து லைன் லைனாக ஏறி இறங்கினேன். ஜெயமேரியும் கூட வந்தாள். அந்த வீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் கேட்டது ஒன்றுதான். மன்றத்தில் பார்வையாளர் மாடம் என்று ஒன்று இருக்கிறது, யாரும் வந்து உட்கார்ந்ததே இல்லை, செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு வந்து உட்காருங்கள். கத்த வேண்டாம், கோஷம் போட வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

அரை நாள் சம்பளம் போகும் என்று சிலர் தயங்கினார்கள். நியாயம்தான், நான் வற்புறுத்தவில்லை. வேறு சிலர் தயங்கியதற்குக் காரணம், அவர்கள் குடியிருக்கும் லைனுக்கு ஓனரே ஒரு கவுன்சிலர். இன்றுதான் வரிசையாகக் கவனித்தேன், எங்கள் மன்றத்தில் எத்தனை பேருக்கு லைன் வீடு இருக்கிறது! துரைராசு அண்ணனுக்கு மட்டும் இரண்டு காம்பவுண்டு. அவர்கள் வாடகைக்கு விடுகிறவர்கள், குடியிருப்பவர்கள் அவர்களுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். இதை யோசித்துக்கொண்டே வந்தேன். வரும்போது ருக்குமணியம்மா வாசலில் நின்று, எடம் பார்த்தாச்சா என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஜூலை 15

மாடம் நிறைந்துவிட்டது. உட்கார இடம் இல்லாமல் படியிலும் நின்றார்கள். எல்லாம் பெண்கள். சிலர் கம்பெனி ஏப்ரனைக் கூடக் கழற்றவில்லை. துளசி முதல் வரிசையில் இருந்தாள். தலைவர் உள்ளே நுழைந்ததும் மேலே பார்த்தார், ஆணையாளரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைசியாக ஒருமுறை வாபஸ் பற்றிக் கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அன்பு தீர்ந்துவிட்டது.

"இந்தம்மா எதுக்கு இத்தன துடிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. போக்கிடம் இல்ல. திடல்ல கட்டற மொத வீடு யாருக்குன்னு கேட்டுப் பாருங்க."

கீழே சிலர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பொய்யாக இருந்தால் கோபம் மட்டும் வந்திருக்கும். அது பொய் இல்லை. லோகநாதனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து, திடலில் ஒரு வீடு, அதில் தாரணிக்கு ஒரு அறை என்று நான் நினைக்காத நாள் இல்லை. மனு போட எனக்கும் உரிமை உண்டு, என் வருமானத்துக்கு நிச்சயம் கிடைக்கும் என்று விசாரித்தும் வைத்திருந்தேன். இதைத் தாரணி அப்பாவிடம் சொல்லிச் சமாதானம் செய்யலாம் என்று வார்த்தை கூடச் சேர்த்து வைத்திருந்தேன்.

எழுந்து நின்றேன். பழகின பேச்சு ஒன்றும் வரவில்லை. கிளார்க்கைப் பார்த்துச் சொன்னேன்.

"எழுதிக்குங்க. இங்க உக்காந்திருக்கற இருவத்தேழு பேரு குடும்பத்துக்கும் அந்தத் திடல்ல ஒரு வீடு கூட ஒதுக்கக் கூடாது. என்ற பேரை மொதல்ல எழுதுங்க."

கிளார்க் தலைவரைப் பார்த்தார். ஆணையாளர் மெதுவாக, எழுதுங்கள் என்றார். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. எழுதுகிற வரைக்கும் நின்றேன். உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

ஓட்டெடுப்பு. முப்பத்தெட்டை ரத்து செய்ய ஆதரவானவர்கள் கை தூக்கலாம், பேர் பதிவாகும் என்றார் ஆணையாளர். தலைவர் கை போனது. அவருடைய ஆட்கள் ஐந்தாறு பேருடைய கை போனது. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துரைராசு அண்ணன் கை காது உயரத்துக்கு வந்துவிட்டது. மேலே இருந்து ஒரு பெண், அவருடைய காம்பவுண்டில் குடியிருப்பவள், சாதாரணமாக வாடகை ரசீது கேட்கிற குரலில் சொன்னாள்:

"நல்லாத் தூக்குங்கண்ணா, இங்கிருந்து தெரியிலீங்."

அண்ணன் அந்தக் கையால் தலையைக் கோதிக்கொண்டு கீழே இறக்கிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் கோதிக்கொண்டார்கள். பாதி வரவில்லை, பாதிக்குப் பக்கத்தில் கூட வரவில்லை. பொருள் முப்பத்தெட்டு நின்றது.

அது நின்றால் முப்பத்தேழு போக வேண்டும் அல்லவா? அதற்குத் துரைராசு அண்ணன் கை எல்லோருக்கும் முன்னால், முழு நீளத்துக்கு உயர்ந்தது.

வெளியே வந்து துளசியைக் கட்டிக்கொண்டு அழுதேன். கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டது தாரணி அப்பாவின் சரக்கு ஆட்டோதான் என்று அவள் சொன்னாள். திரும்பிப் பார்ப்பதற்குள், அடுத்த நடைக்கு ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார்.

ஜூலை 16

யாரும் சாவி கொண்டுவந்து கொடுக்கவில்லை.

ஜூலை 20

ஆடி நான்கு. குடி மாறினோம். ஆடியில் யாரும் மாற மாட்டார்கள், அதனாலேயே ரைஸ்மில் பின்னால் ஒரு லைன் வீடு காலியாகக் கிடந்தது, அட்வான்சும் குறைத்துக்கொண்டார்கள். ருக்குமணியம்மா வழியனுப்ப வந்து, நல்ல நாள் பார்த்துப் போயிருக்கலாம் கண்ணு என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஒற்றை ரூம், முன்னால் சின்னதாக ஒரு சமையல் இடம், குழாயும் கக்கூஸும் எட்டு வீட்டுக்குப் பொது. பீரோவைக் குறுக்கே நிறுத்தித் தாரணிக்கு ஒரு மூலையைத் தடுத்துக் கொடுத்தோம். அவள் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, காற்று வருகிறது என்றாள். வருகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. அந்த மட்டில் அவள் என்னைவிடப் பெரிய மனுஷி.

சாயங்காலம் தாரணி அப்பா சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். எட்டு நாளுக்கும் மேலாக என்னிடம் நேராகப் பேசாத மனுஷர், சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"ஒரு கையெழுத்துக் கேட்டதுக்கு அத்தன கோவப்பட்ட. அன்னிக்கு நம்ம மூணு பேரு பங்கையும் சபையில எழுதிக் குடுத்துட்டியே, என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"தெரியுமுங்க. அதுக்குத்தான் கேக்கல."

இன்னும் ஒரு ஆணி அடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். ரொம்ப நாளாக ஒரு கணக்குப் போட்டு, அது சரியாக வந்துவிட்ட முகம்.

"கட்டி முடிக்க மூணு வருசம் ஆகும்னாங்க. அதுக்குள்ள உன்ற பதவி முடிஞ்சிரும். அப்பறம் நாம கவுன்சிலர் குடும்பம் இல்லியே. மனுப் போடலாம். நீ எழுதச் சொன்னதுல அதுக்குத் தடையில்ல, ஆணையாளர்கிட்டயே கேட்டுட்டேன்."

அவர் போய்க் கேட்டிருக்கிறார். வண்டியை ஆபீஸ் வாசலில் நிறுத்தி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டிருப்பார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மறுபடியும் எலக்சன்ல நிப்பேனுங்க," என்றேன்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று வந்து எட்டிப் பார்க்கிற வரைக்கும் சிரித்தார்.